ஆயிரம் ரூபாயில் முதல் குவில்ட்: முக்கூடல் வாசகிக்கு ஒரு பதில்

கேள்வி: அக்கா, எனக்கு முக்கூடல் பக்கம். வீட்டில் இருந்தபடி பீடி சுற்றுகிறேன். அக்கா மகளுக்குத் தை மாதம் பிரசவம். பிள்ளைக்கு என் கையால் ஒரு குவில்ட் தைத்துக் கொடுக்க ஆசை. வீடியோக்களில் பார்த்தால் வட்டக் கத்தி, பச்சை மேட், பெரிய கண்ணாடி ஸ்கேல், வெளிநாட்டுத் துணி என்று அடுக்குகிறார்கள். எல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஆறாயிரத்தைத் தாண்டுகிறது. என்னால் ஆயிரம் ரூபாய்தான் ஒதுக்க முடியும். ஹெம்மிங் பண்ண, ஹூக் வைக்கத் தெரியும். மாமியாரின் கால் மெஷின் ஒன்று ஓடாமல் கிடக்கிறது. கையாலேயே தைக்க முடியுமா? பழைய சேலையில் தைத்தால் கொடுக்கிறதுக்குக் கௌரவக் குறைச்சலாக இருக்குமா? நன்றாகப் பழகிக்கொண்டால் இதில் வருமானம் பார்க்கலாமா?

பதில்:

அன்புத் தங்கச்சிக்கு,

தாராளமாகத் தைக்கலாம். ஆயிரம் ரூபாய் போதும், அதிலும் கொஞ்சம் மிஞ்சும். அந்தச் சாமான் பட்டியலை முதலில் ஓரமாக வையுங்கள். வட்டக் கத்தியும் மேட்டும் நாள் முழுக்கத் துணி வெட்டுகிறவர்களுக்கு நேரத்தை மிச்சப்படுத்தும். ஒரே ஒரு சின்னப் போர்வைக்கு நல்ல கத்தரி ஒன்று இருந்தால் வேலை முடிந்துவிடும்.

குவில்ட் என்பது மூன்று அடுக்கு. மேலே துண்டுகளை இணைத்துத் தைத்த துணி, நடுவில் மெத்தென்று ஒரு அடுக்கு, கீழே ஒரே பாட்டமாக ஒரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்க மேலிருந்து ஓடுகிற தையல்தான் அதன் உயிர். இதற்கு மேல் இதில் ரகசியம் எதுவும் கிடையாது. முதல் தடவை தைக்கிறவர்களுக்குப் பாதியில் நின்றுபோவது பெரும்பாலும் காசு இல்லாததால் அல்ல. கட்டில் அளவுக்கு ஆரம்பித்துவிடுகிறார்கள், ஆளுக்கொரு குணமுள்ள துணிகளை ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். இந்த இரண்டிலும் நிதானமாக இருந்தால் மீதியெல்லாம் கைப்பழக்கம்.

அளவை நான் சொல்லிவிடுகிறேன். 36 இஞ்ச்சுக்கு 36 இஞ்ச். பிள்ளையைத் தரையில் போட, மடியில் விரித்துக்கொள்ள அது சரியான அளவு. ஆறரை இஞ்ச் சதுரமாக 36 துண்டு வெட்டி, வரிசைக்கு ஆறு வீதம் ஆறு வரிசை தைத்தால் இந்த அளவு வந்துவிடும். தையலுக்குக் கால் இஞ்ச் போக ஒவ்வொரு சதுரமும் ஆறு இஞ்ச்சாக நிற்கும். முக்கோணம், நட்சத்திரம், பூ எல்லாம் அடுத்த போர்வைக்கு.

இப்போது துணிக்கு வருவோம். நம் பக்கத்து வீடுகளில் இதற்குத் தோதான துணி அலமாரிக்குள்ளேயே கிடக்கிறது. கல்யாணம், சீமந்தம், புதுமனை என்று எங்கே போனாலும் தாம்பூலப் பையோடு ஒரு ஜாக்கெட் பிட் தருகிறார்கள். தைக்கவும் மாட்டோம், தூக்கிப் போடவும் மனசு வராது, இன்னொருவருக்கு வைத்துக் கொடுக்கலாம் என்று அடுக்கி வைத்திருப்போம். 80 சென்டிமீட்டர் நீளமும் 36 இஞ்ச் அகலமும் உள்ள ஒரு பிட்டில் ஆறரை இஞ்ச் சதுரம் 20 கிடைக்கும். அப்படியென்றால் ஒத்த ரகத்தில் இரண்டு நிறப் பிட் இருந்தாலே 40 சதுரம் ஆயிற்று. மேல்துணிக்கு 36 போக நாலு மிச்சம். மாற்றி மாற்றி வைத்தால் அழகான கட்டம் வரும்.

ஆனால் எல்லாப் பிட்டும் ஆகாது. தாம்பூலத்தில் வருவதில் நிறைய பாலியஸ்டர் கலந்ததாக இருக்கும். டூ பை டூ ரூபியா, பாப்ளின், கைத்தறிப் பருத்தி இவையெல்லாம் நல்லது. சந்தேகம் இருந்தால் கொளுத்திப் பாருங்கள். துணி ஓரத்திலிருந்து நாலைந்து இழை உருவி, முறுக்கி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டுக்கு மேலே வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாசத்தோடு நின்று எரியும், சாம்பல் விரலில் பட்டால் பொடியாகும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருண்டு உருகி, ஆறியதும் கறுப்பாகக் கெட்டி மணியாக நிற்கும். உருகுகிற சமயத்தில் அது விரலில் ஒட்டினால் தோலோடு வரும், அதனால்தான் இடுக்கி என்கிறேன். கொஞ்சம் சாம்பலும் கொஞ்சம் மணியும் வந்தால் கலப்புத் துணி. பிள்ளைக்கு முழுப் பருத்தி மட்டும் எடுங்கள். பங்குனி சித்திரையில் நம் ஊர் வெயிலில் பாலியஸ்டர் மேல் படுத்த பிள்ளைக்கு முதுகெல்லாம் வேர்க்குரு போட்டுவிடும்.

பிட் போதவில்லை என்றால் உங்கள் தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்காவிடம் கேளுங்கள். வெட்டுத் துணியைச் சாக்கில் கட்டி மூலையில் போட்டிருப்பார்கள். எடுத்துக்கொண்டு போனால் சந்தோஷப்படுவார்கள். அதில் ஆறரை இஞ்ச் சதுரம் நிறையத் தேறாது. தேறாததை எறியாதீர்கள், மூன்றரை இஞ்ச் சதுரமாக வெட்டி வையுங்கள். வெட்டுத் துணியில் லைனிங் துணியும் நெட்டும் சாட்டினும் கலந்து கிடக்கும், அதைப் பிரித்துவிடுங்கள். நழுவுகிற துணியையும் பருத்தியையும் சேர்த்துத் தைத்தால் ஒன்று இழுத்துக்கொண்டு மற்றது சுருங்கும்.

அடுத்து, பழைய சேலை. கௌரவக் குறைச்சலா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு. பிறந்த பிள்ளையை நம் பக்கம் பழைய வேட்டியில்தானே ஏந்துகிறோம்? பல தடவை துவைத்துத் துவைத்து மெதுவாகிப்போன பருத்திக்கு ஈடாகப் புதுத்துணி எதுவும் வராது. வங்காளத்துக் கந்தா பழைய சேலைகளை அடுக்கித் தைத்தது. அந்தக் காலத்தில் தைக்கிற நூலைக்கூடச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொள்வார்கள். மராட்டியத்தில் கோதடி என்பதும் வடகர்நாடகத்தில் கவுதி என்பதும் இதே வேலைதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்கிற சின்ன ஊரில் கறுப்பினப் பெண்கள் வயலில் போட்டுக் கிழிந்த வேலை உடுப்புகளில் தைத்த போர்வைகளை 2002இல் ஹியூஸ்டன் அருங்காட்சியகம் சுவரில் மாட்டிக் காட்சிக்கு வைத்தது. இப்படிப் பல ஊர்களில் இந்தக் கலை பழந்துணியில் வளர்ந்ததுதான். அக்கா மகளிடம் கொடுக்கும்போது, இது ஆச்சி கட்டின வீரவநல்லூர் சேலை, இது உன் அம்மா கட்டின சங்கரன்கோவில் சேலை என்று விரலை வைத்துக் காட்டுங்கள். கடையில் வாங்கின எந்தப் போர்வையிலும் அப்படிக் காட்ட முடியாது.

ஒரு நிபந்தனை மட்டும். சேலையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். இழை விலகி வலைபோல் தெரிகிற இடத்தை ஒதுக்குங்கள். குதிகால் படுகிற கீழ்க்கரை ஓரம் முதலில் நைந்திருக்கும். இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் தாங்குகிற பகுதியைத்தான் எடுக்க வேண்டும். உயிர்போன துணியில் எவ்வளவு அழகாகத் தைத்தாலும் இரண்டு துவைப்பில் தையல் ஓரமாகக் கிழிந்துவிடும்.

புதுத்துணி எதுவானாலும் வெட்டுவதற்கு முன்னால் ஒரு தடவை நனைத்து அலசிக் காயப் போடுங்கள். சுருங்க வேண்டியது இப்போதே சுருங்கட்டும். சிவப்பு, கருநீலம், கறுப்பு மூன்றையும் கூடுதலாகச் சோதிக்க வேண்டும். ஈரத் துணிமேல் வெள்ளை வேட்டித் துண்டை வைத்து இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் சாயம் போகிறதா என்று தெரிந்துவிடும். கல் உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்கள். கடையில் சாயம் போட்டு வந்த துணியில் அது பலிக்காது. தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசிப் பார்க்கலாம், அப்படியும் விட்டுக்கொண்டே இருந்தால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள். ஒரு சிவப்புத் துண்டு போதும், வெள்ளைச் சதுரம் அத்தனையும் ரோஸ் நிறமாகிவிடும்.

வெட்டுகிற வேலையில் உங்களுக்கு யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பீடி இலைமேல் தகட்டை வைத்து, அதைச் சுற்றிக் கத்தரியை ஓட்டி, ஆயிரக்கணக்கில் ஒரே அளவாக வெட்டிய கை உங்களுடையது. துணிக்கும் அதே வேலைதான். கல்யாணப் பத்திரிகை அட்டை அல்லது கெட்டியான அட்டைப்பெட்டியில் ஆறரை இஞ்ச் சதுரம் ஒன்றை மூலைமட்டம் பார்த்து வெட்டிக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் தகடு. நாலு பக்கமும் அளந்தால் மட்டும் போதாது, மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் அளந்து பாருங்கள். இரண்டும் ஒரே அளவு வந்தால் சதுரம் சரி. தேய்ந்துபோன சோப்புச் சில்லால் துணியில் கோடு போட்டு வெட்டலாம், துவைத்தால் போய்விடும். ஓரம் தேய்ந்தால் அட்டையை மாற்றுங்கள், தேய்ந்த அட்டையிலேயே 36 துண்டும் வெட்டினால் கடைசித் துண்டு முதல் துண்டைவிடச் சிறிதாகியிருக்கும்.

துணியின் நெடுக்கு இழைக்கு நேராக அட்டையின் ஒரு பக்கம் இருக்கட்டும். கிராஸாக வெட்டினால் சதுரம் கையில் இருக்கும்போதே இழுபடும். பழைய சேலை துவண்டு நகர்ந்தால் வெட்டுவதற்கு முன்னால் தெளிந்த சோற்றுக்கஞ்சியில் ஒரு முக்கு முக்கிக் காயவைத்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். புதுக் காகிதம்போல நிற்கும். கஞ்சி போட்ட துணியை மாதக்கணக்கில் அடுக்கி வைக்க வேண்டாம், கரப்பான் வரும்.

இலை வெட்டுகிற கத்தரியைத் துணிக்குத் தொடாதீர்கள், அதன் கூர் துணிக்கு ஆகாது. துணிக்கென்று தனியாக ஒரு கத்தரி வாங்கி, அதில் நூலும் துணியும் தவிர வேறு எதையும் வெட்டாமல் பாதுகாத்துக்கொள்ளுங்கள். உங்கள் ஆயிரத்தில் பெரிய செலவு இதுதான். பீடி நூலையும் இதற்கு எடுக்கக் கூடாது, அது கட்டுப் போட மட்டும்தான் தாங்கும். இன்னொன்று, இது கொஞ்சம் முக்கியம். புகையிலைத் தூள் துணியில் ஏறினால் வாசம் லேசில் போகாது, பச்சைப் பிள்ளைக்கு அது ஆகவும் ஆகாது. சுளகை எடுத்து வைத்துவிட்டு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிக்கொண்டு, வேறு இடத்தில் உட்கார்ந்து தையுங்கள். துணியை மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். முடிந்த பிறகும் ஒரு தடவை நன்றாகத் துவைத்து வெயில் காட்டிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

நேரே பெரிய போர்வையில் கை வைக்கவேண்டாம். அந்த மூன்றரை இஞ்ச் சதுரம் ஒன்பதை எடுத்து மூன்றுக்கு மூன்றாகத் தையுங்கள். நடுவில் பழைய துண்டுத்துணி, அடியில் ஏதாவது பருத்தி. அடுப்பிலிருந்து சட்டி இறக்கப் பிடிதுணி ஆயிற்று. போர்வையில் வருகிற அத்தனை வேலையும் அந்தக் கையகலத் துணியில் வந்துவிடும். எங்கே இழுக்கிறது, எங்கே கோணுகிறது என்று ஒரு சாயங்காலத்தில் தெரிந்துகொள்ளலாம்.

சரி, தைக்க வருவோம். தையல்காரர் கணக்கில் கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். அந்த இரண்டு நூலும் பிசகாமல் இருக்க வேண்டும். அரை நூல்தானே என்று விட்டால், ஒரு தையலில் இரண்டு பக்கத் துணியும் சேர்ந்து ஒரு நூல் போகும். ஒரு வரிசையில் ஐந்து தையல், அப்படியென்றால் ஐந்து நூல், அரை இஞ்ச்சுக்கு மேலே. ஒரு வரிசையில் அரை நூல் கூட்டியும் அடுத்த வரிசையில் குறைத்தும் தைத்தால் இரண்டையும் சேர்க்கும்போது மூலைகள் சந்திக்கவே சந்திக்காது. ஆறு இஞ்ச்சில் இன்னொரு அட்டை வெட்டி, ஒவ்வொரு சதுரத்தின் பின்பக்கமும் நடுவில் வைத்து நாலு பக்கமும் கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் மேல் தைத்தால் போதும், அளவு தானாக நிற்கும்.

கையால் தைக்கலாமா என்றால், நான் கையால் தைக்கச் சொல்வேன். 8 அல்லது 9 நம்பர் ஊசி எடுங்கள், நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். நூல் ஒரு முழத்துக்கு மேல் வேண்டாம், நீளம் கூடினால் சிக்கிக்கொள்ளும், உரசி உரசி நைந்தும் போகும். மெழுகுவர்த்தியில் ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டால் வழுக்கிப் போகும். கோட்டின் மேல் சின்னச் சின்னதாக ஓட்டுத் தையல், நாலு தையலுக்கு ஒரு தடவை பின்னால் ஒரு தையல் போட்டுக்கொண்டு போனால் பிரியாது. ஒவ்வொரு தையல் முடிந்ததும் தேய்த்துவிடுங்கள். பெட்டியை இழுத்துத் தேய்க்காமல் வைத்து அழுத்தி எடுக்க வேண்டும், இழுத்தால் துணி நீண்டுவிடும். முதல் வரிசையின் தையல் மடிப்பு எல்லாம் வலப்பக்கம், இரண்டாம் வரிசை இடப்பக்கம், இப்படி மாற்றி மாற்றி மடித்துத் தேய்த்தால், இரண்டு வரிசையையும் முகத்தோடு முகம் வைக்கும்போது மடிப்புகள் ஒன்றுக்கொன்று முட்டி உட்கார்ந்துகொள்ளும். விரலால் தடவினாலே தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்திவிட்டுத் தைத்தால் நாலு மூலையும் ஒரே புள்ளியில் நிற்கும். முதல் தடவை அப்படி நின்றதைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

நடு அடுக்குக்கு நிறையப் பேர் இலவம் பஞ்சு கேட்பார்கள். தலையணைக்கும் மெத்தைக்கும் அது அருமை. இங்கே வேண்டாம், துவைத்தால் திரண்டு மூலையில் போய் உட்கார்ந்துவிடும். கடையில் கிடைக்கிற பாலியஸ்டர் பஞ்சுத் தகடும் நம் ஊருக்குச் சூடு. குற்றாலத்தில் சாரல் அடிக்கிற நாளில், மார்கழி விடியலில் வேண்டுமானால் இதமாக இருக்கும். வருஷத்தில் மற்ற மாதங்களில் யாரும் தொடமாட்டார்கள். பழைய எட்டு முழ வேட்டி ஒன்று போதும். நாற்பது இஞ்ச்சில் இரண்டு மடிப்பாக வைத்தால் லேசாக, மெத்தென்று, துவைக்கச் சுலபமாக இருக்கும். டெரிகாட்டன் வேட்டி வேண்டாம். குளிக்கிற டவலும் வேண்டாம், ஈரத்தில் கனத்துக் காயவே நாளாகும்.

அடித்துணிக்குச் சேலையின் அகலமே போதும், ஒட்டுப் போட வேண்டியிருக்காது. நல்ல சேலை அகப்படாவிட்டால் ஒண்ணேகால் மீட்டர் பாப்ளினோ காடாவோ வாங்குங்கள், 40 இஞ்ச்சுக்குக் குறையாத அகலத்தில். ஆடித் தள்ளுபடியில் திருநெல்வேலி டவுன் ரதவீதிக் கடைகளில் இதெல்லாம் மலிவாகக் கிடைக்கும்.

மூன்றையும் சேர்க்கிற நாளில் தரையைத் துடைத்துவிடுங்கள். பாய்மேல் செய்யாதீர்கள், கோரையின் வரி துணியை மட்டமாக உட்கார விடாது, ஊக்கும் பாயில் மாட்டிக்கொள்ளும். சிமெண்டுத் தரை, மொசைக் தரைதான் சரி. அடித்துணியின் நல்ல பக்கம் தரையைப் பார்க்கப் போட்டு, ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். முறுக்கேற இழுக்க வேண்டாம், சுருக்கம் இல்லாமல் இருந்தால் போதும். அதன்மேல் வேட்டி, அதன்மேல் முகம் மேலே பார்க்க மேல்துணி. அடித்துணியும் வேட்டியும் நாலு பக்கமும் இரண்டு இஞ்ச் வெளியே நீண்டிருக்கட்டும். நடுவிலிருந்து ஓரம் நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே நாலு விரற்கடைக்கு ஒரு ஊக்குக் குத்துங்கள். எத்தனை ஊக்குக் குத்தினீர்கள் என்று எண்ணி ஒரு தாளில் எழுதி வையுங்கள். தைத்து முடித்துக் கழற்றும்போது அந்த எண்ணிக்கை வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் அகப்படும்வரை துணியைத் தடவித் தேடுங்கள். பிள்ளை படுக்கிற துணி. ஊக்கு இல்லையென்றால் பெரிய தையலாக டாக்கா போடலாம், வேலை கூடுதல், ஆபத்து குறைவு.

இனி அந்த ஓடுதையல். தையல் மெஷின் நூலை இரட்டையாகக் கோத்துத் தைக்கலாம். தையல் மேலே பளிச்சென்று தெரிய வேண்டுமென்றால் ஆங்கர் எம்பிராய்டரி நூலில் ஆறு இழையில் இரண்டைப் பிரித்து எடுத்துக்கொள்ளுங்கள். நூல் எதுவாக இருந்தாலும் புதிதாக வாங்குங்கள். டப்பாவில் கிடக்கிற ஆச்சி காலத்து நூல் கையால் இழுத்தாலே பொட்டென்று அறும். துணியில் மிச்சம் பிடிக்கலாம், நூலில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

நூல் முனையில் சின்ன முடிச்சுப் போட்டு, தொடங்குகிற இடத்துக்கு ஒரு இஞ்ச் தள்ளி மேல்துணியில் மட்டும் ஊசியை இறக்கி, தொடங்குகிற இடத்தில் வெளியே எடுத்து, நூலை லேசாக ஒரு சுண்டு சுண்டி இழுங்கள். டப் என்று முடிச்சு உள்ளே போய் நடு அடுக்கில் பதுங்கிக்கொள்ளும். அப்புறம் வலது கை மேலே, இடது கை அடியில். ஊசியைச் செங்குத்தாக இறக்கி, அடியில் இருக்கிற விரல் நுனியில் ஊசி முனை தட்டினதும் மேலே திருப்புங்கள். தட்டுவது தெரிய வேண்டும், குத்தக் கூடாது. அடித்துணியிலும் தையல் விழுந்திருக்கிறதா என்று அடிக்கடி திருப்பிப் பாருங்கள். மூன்று நாலு தையலை ஊசியில் ஏற்றிவிட்டு ஒன்றாக இழுக்கலாம். ஊசியைத் தள்ளுகிற நடுவிரலுக்கு விரல் உறை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மறுநாள் பீடி சுற்ற முடியாது.

இஞ்ச்சுக்கு ஐந்து தையல் வந்தால் ரொம்ப நல்லது, நாலு வந்தாலும் பரவாயில்லை. சின்னதாக இருப்பதைவிட ஒரே சீராக இருப்பதுதான் கண்ணுக்கு அழகு. எப்போதும் நடுவிலிருந்து வெளியே தையுங்கள். ஓரத்திலிருந்து உள்ளே வந்தால் துணி தள்ளிக்கொண்டு வந்து நடுவில் உப்பிவிடும். எங்கே தைப்பது என்றால், சதுரங்களுக்கு மூலைக்கு மூலை ஒரு கோடு, எதிர்மூலைக்கு ஒரு கோடு. போர்வை முழுக்க வலை விரித்ததுபோல் ஓடிவிடும், தனியாக டிசைன் வரைய வேண்டியதில்லை.

ஓரம் முடிக்கத் தனிப் பட்டை வெட்டுகிற வேலையை இந்தத் தடவை விட்டுவிடலாம். வேட்டியை மட்டும் மேல்துணியின் ஓரத்துக்குச் சரியாக வெட்டுங்கள். அடித்துணியை ஒரு இஞ்ச் வெளியே விட்டு வெட்டி, அதைப் பாதியாக மடித்து, இன்னொரு மடிப்பு மேல்துணிமேல் ஏற்றி ஹெம்மிங் பண்ணிவிடுங்கள். உங்களுக்குத் தெரிந்த வேலை. வெட்டும்போது மட்டும் கத்தரியின் அடிவாய் எதைத் தொடுகிறது என்று பார்த்துப் பார்த்து வெட்டுங்கள்.

மாமியாரின் மெஷினைப் பற்றி. பல வருஷம் சும்மா கிடந்த மெஷின் பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது, எண்ணெய் இறுகியிருக்கும், பெல்ட் தொய்ந்திருக்கும். தூசி தட்டி, மெஷின் எண்ணெய் விட்டு, பழைய துணியில் நூலில்லாமல் கொஞ்ச நேரம் மிதித்துப் பாருங்கள். புதுப் பெல்ட்டும் 14 நம்பர் ஊசியும் போட்டு ஓடினால் சதுரங்களை இணைக்க அதை வைத்துக்கொள்ளலாம். ஊசியிலிருந்து கால் இஞ்ச் தள்ளித் தகட்டின்மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரியை நாலைந்து அடுக்காக ஒட்டினால் துணி அதில் உரசிக்கொண்டே நேராகப் போகும். மூன்று அடுக்கையும் சேர்க்கிற தையலுக்கு மட்டும் சாதாரண மெஷின் வேண்டாம். கீழ்த்துணி வேகமாகவும் மேல்துணி மெதுவாகவும் நகர்ந்து சுருக்கம் விழும். ரிப்பேருக்கு நானூறு ஐந்நூறு கேட்டால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், கையே போதும்.

கடைக்குக் கடை விலை மாறும். கத்தரி போக ஊசி, நூல், ஊக்கு, குண்டூசி, விரல் உறை, இஞ்ச் டேப் எல்லாம் இருநூறு ரூபாய் சுமாருக்குள் வந்துவிடும். அதற்கு மேல் அடித்துணி வாங்கினாலும் ஆயிரம் தாண்டாது.

பிள்ளைக்கு இதை எப்படிக் கொடுக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொத்தான், மணி, லேஸ் எதுவும் வைக்காதீர்கள். ஒரு வயசு ஆகும்வரை தூங்குகிற பிள்ளைமேல் இதைப் போர்த்தவும் வேண்டாம், தொட்டிலுக்குள் போடவும் வேண்டாம். முகத்தில் ஏறினால் தள்ளிவிட அந்தக் கைக்குத் தெரியாது. முழித்திருக்கும்போது கீழே விரித்து, பிள்ளையை அதன்மேல் போட்டு விளையாட விடலாம். அக்கா மகளிடம் இதை வாயாலேயே சொல்லிக் கொடுங்கள். போர்த்திக்கொள்ளும் வயசு வரும்போது போர்வை இன்னும் மெதுவாகியிருக்கும்.

கடைசிக் கேள்வி வருமானம். ஆசை காட்ட எனக்கு மனசில்லை. கைத்தையல் குவில்ட் நேரத்தைத் தின்கிற வேலை. வெளியே பெரிய விலைக்கு விற்பதைப் பார்த்திருப்பீர்கள், அந்த விலை கொடுக்கிற ஆள் முக்கூடல் சந்தைக்கு வருவதில்லை. பக்கத்து வீட்டில் கேட்பவர்கள், பழைய துணிதானே என்று இருநூறு முந்நூறு நீட்டுவார்கள். முதல் போர்வையைத் தைக்கும்போதே ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் எத்தனை மணிக்கு உட்கார்ந்தேன், எத்தனை மணிக்கு எழுந்தேன் என்று மட்டும் எழுதினால் போதும். முடிந்ததும் மொத்த மணி நேரத்தைக் கூட்டி, அதே நேரத்தில் எத்தனை ஆயிரம் பீடி சுற்றியிருப்பீர்கள், அதற்குக் கூலி எவ்வளவு என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தொகையோடு நூலும் துணியும் சேர்த்ததுதான் நீங்கள் கேட்க வேண்டிய குறைந்தபட்ச விலை. பிடிதுணி, டிபன் பை, மேஜை விரிப்பு போன்ற சின்னச் சாமான்கள் சீக்கிரம் முடியும், கேட்கிற விலைக்கும் போகும். வருமானத்துக்கு ஆரம்பிப்பதானால் அங்கே ஆரம்பிக்கலாம். நோட்டில் உங்கள் மணிக்கணக்கு ஏறுகிறவரைக்கும் யாரிடமும் ஆர்டரும் பிடிக்காதீர்கள், விலையும் சொல்லாதீர்கள்.